பாலைவனப் பல்லி வளர்க்கலாமா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதில்

சிட்னியில் நான்கு வருடம் வேலை பார்த்தபோது உரிமம் எடுத்து ஒரு தாடி ஓணான் வளர்த்தேன். பியர்டட் டிராகன் என்பார்களே, அதுதான். தாடி இருந்ததால் தாத்தா என்று பேர் வைத்தோம். அந்தப் பேராலோ என்னவோ, வீட்டில் அவரை யாரும் 'அது' என்று சொன்னதே இல்லை. சிங்கப்பூர் திரும்பும்போது, உரிமம் வைத்திருந்த ஒரு சக ஊழியரிடம் அவரை ஒப்படைத்துவிட்டு வந்தேன். என் கைப்பேசியில் இன்னும் அவர் படம்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அக்கா பையன் முதல் தேக்கா சந்தையில் மீன் வாங்க நிற்கிறவர் வரை ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, கீழே பதிலும் எழுதிவிட்டேன்.

"மாமா, பாலைவனப் பல்லின்னா நம்ம வீட்டுச் சுவத்துல ஓடுதே, அதுவா?"

இல்லைடா. தாடி ஓணான், பெயருக்கேற்ற மாதிரி, ஓணான் வகை. உங்கள் அடுக்குமாடி புளோக் வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓணானுக்கு உறவுக்காரர். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துக்காரர். வாலோடு சேர்த்து 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை வளர்வார், அதில் பாதி வால்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் இருப்பார்.

இன்னொன்று லெப்பர்ட் கெக்கோ. அது நிஜமாகவே பல்லி வகைதான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு மூலைப் பக்கம் வாழ்வது. ஆனால் நம் வீட்டுப் பல்லி போலச் சுவரில் ஏறாது, விரலில் ஒட்டும் பட்டைகள் கிடையாது. வீட்டுப் பல்லிக்கு இமை இல்லை, நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். லெப்பர்ட் கெக்கோவுக்கு இமை உண்டு, நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டும். கொழுப்பையெல்லாம் வாலில் சேர்த்து வைப்பதால் வால் மட்டும் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். நான் வளர்த்தது தாடி ஓணான் என்பதால் கீழே வருவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

"சிங்கப்பூர்ல வளர்க்கலாமா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

கூடாது. ஊர்வனவற்றில் செல்லப்பிராணியாக இங்கே அனுமதி உள்ளவை இரண்டே இரண்டு: சிவப்புக் காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. தாடி ஓணான், லெப்பர்ட் கெக்கோ, இகுவானா, பாம்பு, நட்சத்திர ஆமை எதுவும் கூடாது. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடா, தனியார் வீடா என்பது இதில் பேச்சே இல்லை. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் பூனை வளர்க்க விட்டார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அது வீட்டு விதி மாறிய கதை. இது வனவிலங்குச் சட்டம், தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்வது. பிடிபட்டால் விலங்கும் போகும், வழக்கும் வரும்.

"கூடாதுன்னா நீங்க எதுக்கு இவ்வளவு எழுதுறீங்க?"

நியாயமான கேள்வி. கேட்பவர்களில் பாதிப் பேர் பெர்த், மெல்பர்ன் என்று படிக்கவோ வேலைக்கோ போனவர்கள். அங்கே முறைப்படி வளர்க்க வழி இருக்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், நான் இருந்த நியூ சவுத் வேல்ஸில் உரிமம் கட்டாயம். மீதிப் பாதி இங்கேயே இருந்துகொண்டு, "சட்டம் ஒண்ணுதானே தடை, மத்தபடி நம்ம வெயிலுக்கு அது சௌகரியமா இருக்கும்" என்று நினைப்பவர்கள். அவர்களுக்காகத்தான் அடுத்த சில பதில்கள் நீளமாக இருக்கின்றன.

"ஆமைக்கு அனுமதி உண்டு, பல்லிக்கு இல்லையா? இது என்ன நியாயம்?"

அனுமதி கொடுத்த ஆமையால் வந்த தொல்லையைப் பாருங்கள். சிவப்புக் காது ஆமையின் சொந்த ஊர் அமெரிக்கா. கையகலத்தில் வாங்கியது தட்டகலம் ஆனதும் குளத்திலும் நீர்த்தேக்கத்திலும் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், புண்ணியம் என்று நினைத்து விடுபவர்களும் உண்டு. விற்கவே அனுமதி இல்லாத பச்சை இகுவானாவும் இன்று தீவின் மேற்குப் பக்கம் காட்டில் குஞ்சு பொரித்து வாழ்கிறது. தப்பியோ, யாரோ விட்டோதான் வந்திருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் இன்னொரு பெயர் சேர வேண்டாம் என்று நினைப்பதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

"நம்ம ஊரே அடுப்பு மாதிரிதானே இருக்கு? பால்கனியில வச்சாலே போதாதா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பாலைவனம் என்றதும் எல்லாருக்கும் வெயில் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அந்த விலங்குக்கு வெயிலோடு சேர்ந்து இரண்டு விஷயம் வேண்டும்: காற்று உலர்ந்திருக்க வேண்டும், இரவு குளிர வேண்டும். நம்மிடம் இரண்டுமே கிடையாது.

கணக்கு போட்டுப் பாருங்கள். தாடி ஓணானின் கூண்டில் ஈரப்பதம் 30, 40 விழுக்காட்டுப் பக்கம் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் விடியற்காலையில் 90க்கு மேல், மழையில்லாத நாளில் மதியம் மூன்று மணிக்கு 60. அதாவது நம்முடைய மிக உலர்ந்த நேரம்கூட அதற்கு ஈரம்தான். காயப்போட்ட துணி நாற்றம் அடிக்கும் டிசம்பர் மழையில் அதன் நுரையீரல் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். சளி பிடித்து, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கும், மூக்கில் குமிழி வரும். அப்புறம் இரவு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை மாத இரவு சராசரியாக 4 டிகிரிக்கு இறங்கும், பகலில் இருபது தொடும். நமக்கு நள்ளிரவிலும் 26, 27.

"ஏர்கான் போட்டு வச்சுக்கறேன்" என்பவர்களுக்கு: ஏர்கான் காற்றை உலர்த்தும், சரி, கூடவே குளிரவும் வைக்கும், அதே நேரம் உள்ளே விளக்குப் போட்டுக் கூண்டைச் சூடாக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டும் சண்டை போடும், மின்கட்டணம் உங்கள் பெயருக்கு வரும். பால்கனி வெயிலில் கண்ணாடித் தொட்டியை வைப்பதோ இன்னும் மோசம். உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும், ஒதுங்க நிழல் இருக்காது, அரை மணியில் செத்துவிடலாம்.

"சரி, நான் பெர்த்ல இருக்கேன். என்னென்ன வாங்கணும்?"

பெரிய பல்லிக்குக் குறைந்தது 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள கூண்டு. குட்டிதானே என்று சின்னதாக வாங்காதீர்கள், ஒரு வருடத்தில் மாற்ற வேண்டி வரும். ஒரு முனையில் மேலிருந்து சூடு விழும் விளக்கு, அதன் கீழே உட்காரக் கல்லோ கட்டையோ. அந்தக் கல்லின் மேல் 38 முதல் 42 டிகிரி, எதிர்முனையில் 25 பக்கம். தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாத பிராணி என்பதால் நாள் முழுக்க இந்த இரண்டு முனைக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கும். மின்சாரத்தில் சூடாகும் கல் என்று கடையில் விற்பார்கள், வாங்காதீர்கள். வயிறு வெந்தாலும் எழுந்துபோகத் தெரியாது.

பல்லியின் விலையை விட இந்தச் சாமான்களின் விலை பல மடங்கு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

"விளக்கு விளக்குன்னு சொல்றீங்க, ஜன்னல் வெயில்ல வச்சா ஆகாதா?"

ஆகாது. நான் தவறு செய்த இடமும் இதுதான். பல்லிக்கு வேண்டியது புற ஊதாக் கதிரில் பி வகை, கடையில் யூவிபி என்று கேட்டால் கொடுப்பார்கள். அது தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் சாப்பிட்ட கால்சியம் எலும்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், இந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுசாகத் தடுத்துவிடும்.

நான் பழைய கூண்டு ஒன்றை விளக்கோடு வாங்கினேன். அதன் யூவிபி குழாய் விளக்கு பளிச்சென்று எரிந்தது, அதனால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் தாத்தா மந்தமானார். கரப்பானைக் கவ்வுவார், நழுவவிடுவார், திரும்பக் கவ்வுவார். ஒருநாள் கையில் எடுத்தபோது கீழ்த்தாடை ரப்பர் மாதிரி லேசாக வளைந்தது. மருத்துவர் முதலில் கேட்டதே "குழாய் வாங்கி எத்தனை மாதம்?" என்றுதான். வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், யூவிபி மட்டும் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. அன்றிலிருந்து குழாயின் ஓரத்தில் தேதி எழுதி ஒட்டினேன், வருடத்துக்கு ஒருமுறை எரிந்தாலும் எரியாவிட்டாலும் மாற்றினேன்.

"அடியில மணல் போட்டாத்தானே பாலைவனம்?"

படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் இந்த ஓணான் வாழ்வது பெரும்பாலும் இறுகிய மண்ணிலும் புதர்க்காட்டிலும், மரக்கட்டை, வேலிக்கம்பம் எல்லாம் ஏறும். கடை மணல் உதிரி. பூச்சியோடு சேர்த்து மணலையும் விழுங்கி, குட்டிகளுக்குக் குடல் அடைத்துக்கொள்ளும். நான் சமையலறைக்குப் போட்டு மிஞ்சிய தரை ஓடுகளை விரித்தேன். துடைக்க எளிது, சூடு பிடித்து வைக்கும், நகமும் தேயும்.

"என்ன சாப்பிடும்? எங்க வீட்ல தினம் கீரை உண்டு, அதைப் போடலாமா?"

குட்டியாக இருக்கும்போது பெரும்பாலும் பூச்சி, கொஞ்சம் இலை. வளர்ந்த பிறகு தலைகீழ், பெரும்பாலும் இலை, வாரத்தில் சில நாள் பூச்சி. வெட்டுக்கிளி, சில்வண்டு, தீனிக்கென்றே வளர்க்கும் கரப்பான் கொடுக்கலாம். பூச்சி அதன் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. பூச்சியை ஒரு பையில் போட்டுக் கால்சியம் தூளோடு குலுக்கிக் கொடுக்க வேண்டும். பார்த்தால் அதிரசத்துக்கு மாவு புரட்டுவது மாதிரி இருக்கும், என் மனைவி அந்தப் பையை ஃபிரிட்ஜ் பக்கமே விடமாட்டாள்.

பசலைக் கீரை எப்போதாவது ஒரு இலை என்றால் பரவாயில்லை, தினமும் வேண்டாம். அதில் இருக்கும் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விளக்குக்குச் செலவழித்ததெல்லாம் வீண். வெண்ணெய்ப் பழம் எனப்படும் அவகாடோ விஷம். மின்மினிப் பூச்சி அதைவிட மோசம், ஒன்றே கொல்லும். சோறு, பருப்பு, இட்லி எதுவும் வேண்டாம். கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

"தண்ணியே குடிக்காதாமே?"

குடிக்கும். பெரும்பகுதி ஈரம் தீனியிலிருந்தே கிடைத்துவிடுவதால் கிண்ணத்தை அடிக்கடி தேடாது. மழை பெய்தால் காட்டில் பின்பக்கத்தைத் தூக்கித் தலையைத் தாழ்த்தி நிற்கும், முதுகில் விழும் நீர் வழிந்து வாய்க்கு வரும். இதில் கில்லாடி அதே ஆஸ்திரேலியாவின் முள் பல்லி. அதன் தோல் முழுக்க மயிரிழை போன்ற வாய்க்கால்கள். ஈர மணலில் நின்றாலே போதும், நீர் தானாக ஏறித் தோல் வழியாக வாய்க்குப் போகும். எறும்பு மட்டுமே தின்னும் என்பதால் அதை வீட்டில் வளர்ப்பது பெரும்பாடு, ஆசைப்படாதீர்கள்.

"கடிக்குமா? நம்மள அடையாளம் தெரியுமா?"

மிரண்டால் வாயைத் திறந்து தாடியைக் கறுப்பாக்கி ஊதிக் காட்டும். கடிப்பது அபூர்வம். மேலிருந்து கையைக் கொண்டுபோகாதீர்கள். உச்சந்தலையில் ஒரு செதிலுக்குக் கீழே மூன்றாவது கண் போல ஒன்று இருக்கிறது. உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். மேலே நிழல் விழுந்தால் அதற்குப் பருந்து. பக்கவாட்டில், வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து எடுத்தால் அமைதியாக வந்து உட்காரும்.

அடையாளம் தெரியுமா என்றால், தீனி கொண்டுவருகிறவரைத் தெரியும் என்று சொல்வேன். வந்த புதிதில் தாத்தா என்னைப் பார்த்து ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டுவார். வணக்கம் சொல்கிறார் என்று வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அது "நீ பெரியவன், நான் சண்டைக்கு வரவில்லை" என்று சரணடைவது என்று பிறகுதான் தெரிந்தது. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

"தம்பி, அது கத்தினா பலன் என்ன? மேல விழுந்தா?"

இதைக் கேட்டது பக்கத்து புளோக் பாட்டி. பாட்டி, இது குரல் கொடுக்காத சாதி, மிரட்டும்போது சீறும், அவ்வளவுதான். கௌளி சாஸ்திரம் வீட்டுப் பல்லிக்குத்தான், காஞ்சிபுரம் வரதராஜர் கோவில் தங்கப் பல்லியோடு சரி. தாத்தா என் தலையில் பலமுறை ஏறி உட்கார்ந்திருக்கிறார். தலையில் விழுந்தால் கலகம் என்பார்கள், வீட்டில் மனைவியோடு கலகம் வந்தது உண்மை. காரணம் மேலே சொன்ன கால்சியம் பை.

"அண்ணா, என் பல்லிக்குக் கால் நடுங்குது, சரியா நடக்க மாட்டேங்குது. சத்துக் குறைவா?"

விளக்கைப் பற்றிய பதிலில் தாத்தாவின் தாடை வளைந்ததைச் சொன்னேன் அல்லவா, அதே நோயின் அடுத்த கட்டமாக இருக்கலாம். உடம்பு ரத்தத்துக்குக் கால்சியம் வேண்டி எலும்பிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும், விரல் நடுங்கும், முதுகு வளையும், கால் ஒடியும். படத்தைப் பார்த்து நான் மருந்து சொல்ல முடியாது. ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் இன்றே கொண்டுபோங்கள், போகும்போது குழாய் வாங்கிய தேதியையும் தினம் என்ன தீனி என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். சீக்கிரம் பிடித்தால் நிறுத்திவிடலாம், வளைந்தது மட்டும் முழுசாக நேராகாது.

"வீட்ல கைக்குழந்தை இருக்கு, பரவாயில்லையா?"

கொஞ்சம் பொறுங்கள் என்பேன். ஆரோக்கியமான பல்லியின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதற்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வயிற்றைக் கலக்கிவிடும். ஐந்து வயதுக்குக் கீழே, கர்ப்பிணி, வயதானவர் உள்ள வீட்டில் ஆபத்து அதிகம். இதற்காகவே அமெரிக்காவில் 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த குட்டி ஆமை விற்பதைத் தடை செய்தார்கள், பிள்ளைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்று. தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், கூண்டுச் சாமானைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், முத்தம் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள்.

"ரெண்டு வாரமா தூங்கிட்டே இருக்கு, சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல. செத்துடுமா?"

கேட்ட பெண் மெல்பர்னில் இருக்கிறாள், கேட்டது ஜூன் மாதம். தென்கோளத்தில் அது குளிர்காலம். வளர்ந்த தாடி ஓணான் குளிரில் சில வாரம், சில மாதம்கூட ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். எடை பெரிதாகக் குறையவில்லை, எழுப்பினால் கண் திறக்கிறது என்றால் விட்டுவிடலாம். வயிற்றில் தீனியோடு தூங்கப்போனால் அழுகிவிடும், அதனால் கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள். குட்டியாக இருந்தாலோ, எடை வேகமாக இறங்கினாலோ அது தூக்கம் இல்லை, மேலே சொன்ன ஊர்வன மருத்துவர்தான் வழி.

"ஆணா பொண்ணான்னு எப்படிப் பாக்கறது?"

வாலை மெதுவாக உயர்த்தி, வாலின் அடிப்பகுதியில் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு புடைப்பு தெரிந்தால் ஆண், தெரியாவிட்டால் பெண், குட்டியில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆனால் இந்த ஓணானில் ஒரு வேடிக்கை உண்டு. குரோமோசோம் கணக்கில் ஆணாக இருக்க வேண்டிய முட்டை, 32 டிகிரிக்கு மேல் அடை காக்கப்பட்டால் பெண்ணாகப் பொரிக்கலாம். அந்தப் பெண் முட்டையும் இடும். ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்ல, காட்டிலும் இப்படி நடப்பதை 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பூமி சூடாகிக்கொண்டே போனால் இந்த இனத்தின் ஆண் பெண் கணக்கு என்ன ஆகும் என்பது அவர்களுடைய கவலை.

"ஊர்ல ராஜஸ்தான் பக்கம் பாலைவன உடும்பு இருக்காமே, இந்தியாவில அதை வளர்க்கலாமா?"

அது உடும்பு இல்லை, முள்வால் பல்லி. தார் பாலைவனம், குஜராத்தின் கட்ச் பக்கம் வளை தோண்டி வாழும், இலை தழைதான் முக்கிய உணவு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது, பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது. இடுப்பை ஒடித்து, கொழுப்பை உருக்கிச் சாண்டா எண்ணெய் என்று விற்கிறார்கள். கொழுப்பு வெறும் கொழுப்புதான், அந்த எண்ணெய் செய்வதாகச் சொல்லும் எதையும் செய்யாது.

"ஜொகூர்ல ஒருத்தர்கிட்ட கிடைக்குது, காரில் கொண்டுவந்தா யாருக்குத் தெரியப்போகுது? சாட் குழுவிலயும் விக்கிறாங்களே?"

தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். இருக்கைக்கு அடியில், கதவு இடுக்கில் ஒளித்துக் கொண்டுவந்து, மலேசிய எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்ட செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. நீங்கள் மாட்டுவதை விடுங்கள், அந்தப் பல்லி எப்படி வந்தது என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருள்ள பல்லியை வியாபாரத்துக்காக வெளியே அனுப்ப அனுமதி கிடையாது. கால்களை உடம்போடு சேர்த்து ஒட்டுநாடாவால் கட்டி, காலுறைக்குள் திணித்து, பொம்மை, அரிசிக் குக்கர் என்று எழுதி அஞ்சலில் அனுப்பியவர்களை அங்கே பிடித்திருக்கிறார்கள். வழியிலேயே செத்துப்போகிறவையும் உண்டு.

இன்னொன்று, இங்கே அதற்கு உடம்பு சரியில்லை என்றால் எந்த மருத்துவரிடம் தைரியமாகக் கொண்டுபோவீர்கள்?

"நண்பன் ஒருத்தன்கிட்ட ஏற்கெனவே இருக்கு, பயத்துல பூங்காவில விட்டுடலாமான்னு கேக்கிறான்."

விடவே கூடாது. ஈரத்துக்குச் சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும், நோய் வந்து சாகும். பிழைத்தால் இகுவானா கதை. விலங்கைக் கைவிடுவது தனிக் குற்றம், முதல் முறைக்கே 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். தேசியப் பூங்காக் கழகத்தை அழைத்து ஒப்படைக்கச் சொல்லுங்கள், வனவிலங்கு மீட்பில் இருக்கும் ஏக்கர்ஸ் அமைப்பிடமும் வழி கேட்கலாம். தண்டனை இருக்காது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் தானாகப் போவதற்கும் கதவைத் தட்டி வருவதற்கும் வித்தியாசம் உண்டு.

"எல்லாத்துக்கும் கூடாதுன்னா, அழுற பையன்கிட்ட நான் என்ன சொல்றது தம்பி?"

இது என் அக்காவே கேட்டது. மண்டாய் விலங்குத் தோட்டத்தில் ரெப்டோப்பியா என்று ஊர்வனவற்றுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, ஒரு சனிக்கிழமை அங்கே போனோம். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றான்.

காசில்லாமல் பார்க்க வேண்டும் என்றால் புளோக்குக்குக் கீழே வேலி இருக்கிறது. அதில் உட்காரும் ஓணானும் வந்தேறிதான், 1980களில் வடக்கிலிருந்து இங்கே வந்தது. அது பெருகப் பெருக, இங்கே முன்பிருந்தே வாழும் பச்சை ஓணான் காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டது. இனப்பெருக்கக் காலத்தில் அந்த வேலி ஓணானில் ஆணுக்குத் தலையும் தோளும் செம்மண் நிறத்தில் சிவந்துவிடும், வேலிக் கம்பியில் ஏறி நின்று தண்டால் எடுக்கும். காலை ஒன்பதரைக்கு வெயில் விழும் இடமாகப் பார்த்து நானும் அவனும் போய் உட்கார்ந்தோம், எத்தனை தண்டால் என்று அவன் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பதினொன்று வரை வந்தான், அதற்குள் ஒரு மைனா வந்துவிட்டது.